முதுகு காட்டிக் கேட்டவன்

ஒரு ஸ்பீக்கர் பெட்டியைச் செய்து முடித்தால் அதன் பக்கத்தில் நின்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. பின்னேரம் அசர் தொழுது முடிந்ததும் பெட்டியைத் தன் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டுவான். பற்றரி என் சைக்கிளில் வரும். இரண்டு பேரும் உருட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவோம். காய்ந்த மணலாகப் பார்த்துப் பெட்டியை வடக்கு முகமாக இருத்துவான். சிவப்பு வயரைப் பற்றரியின் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் கொடுத்து முறுக்குவான். அம்பிளிபயரில் சின்ன விளக்கு எரிந்ததும் மைக்கை என் கையில் தந்து, "கதை மச்சான்" என்பான். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடக்கத் தொடங்குவான்.

நடக்கும்போது அவனுடைய வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருக்கும். என் சத்தம் கேட்கும் வரைக்கும் கை மேலேயே இருக்கும். கேட்காமல் போகிற இடத்தில் கை கீழே விழும். அந்த இடம்தான் அந்தப் பெட்டியின் அளவு.

பெட்டி வாங்க வருகிற பொடியன்மார் அவனை அண்ணன் முறை சொல்லி, "எத்தின வோட் பவர் காக்கா?" என்று கேட்பார்கள்.

"வோட்டெல்லாம் கடக்காரன்ட கணக்கு. இது ஐஸ் வாடி மட்டும் போகும். உனக்கு அதுக்கு அங்கால ஆக்கள் இரிக்கிறாங்களா?" என்பான்.

சில பெட்டிகள் தோணி ஏற்றி வைத்திருக்கும் இடம் வரைக்கும் போகும். சில பெட்டிகள் மீனுக்கு ஐஸ் போடுகிற அந்த வாடி வரைக்கும். ஒரேயொரு பெட்டி அதையும் தாண்டி முகத்துவாரம் வரைக்கும் போனது. கை இறங்கவே இல்லை. தூரத்தில் அவன் ஒரு குச்சி மாதிரித் தெரிந்தான். அந்தக் குச்சியின் நுனியில் கை. அன்றைக்கு அவன் திரும்பி வருவதற்குள் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாய், என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் போகலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"வாயப் பாத்தாக் கேக்காததும் கேட்ட மாதிரி இரிக்கும் மச்சான். கண்ணு களவாப் போய்க் காதுக்கு உதவி செய்யும்" என்றான்.

அது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம். நற்பிட்டிமுனைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில்தான் நாங்கள் வேலை செய்தோம். அவன் மெசின் ஓட்டுகிறவன். நான் சாக்குத் தைக்கிறவன். மெசின் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் ஆலைக்குள் எல்லோரும் வாயைப் பார்த்துத்தான் கதை விளங்கிக்கொள்வோம். "தேத்தண்ணி" என்று வாயைத் திறந்தால் போதும், தேத்தண்ணி வரும்.

எனக்கு அந்த ஆலை பிடித்திருந்ததற்கு அதுதான் காரணம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் சத்தம் சின்ன வயதிலிருந்தே என் நெஞ்சைத் தாண்டி வெளியே வராது. கடையில் சாமான் கேட்டால் கடைக்காரர் இரண்டு தரம் "என்ன?" என்பார். மூன்றாம் தரம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு நான் வேறு கடைக்குப் போய்விடுவேன். ஆலைக்குள் யாருடைய சத்தமும் யாருக்கும் கேட்காது. அங்கே நானும் மற்றவர்கள் மாதிரித்தான்.

ஆலைக்கு வெளியே, என்னிடம் ஒருநாளும் "என்ன?" என்று கேட்காத ஆள் அவன் ஒருவன்தான். நான் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அவனுக்குக் கேட்கும். சைக்கிளில் அவன் மிதிக்க நான் பின்னால் இருந்து போகும்போதும், எதிர்க்காற்றில் நான் முணுமுணுத்தது அவன் காதில் விழும். பதில் வரும்.

அப்படிப்பட்ட என்னிடம் மைக்கைத் தருவான். வேறு யாரையும் கூப்பிட மாட்டான். எனக்கு என்ன கதைப்பதென்று தெரியாது. "ஒன்டு, ரெண்டு, மூனு" என்று பத்து வரைக்கும் எண்ணுவேன். பத்து வந்ததும் பின்னால் எண்ணிக்கொண்டு ஒன்றுக்கு வருவேன். கரைவலை இழுக்க வந்திருப்பவர்கள் சிரிப்பார்கள்.

"பத்துக்கு மேல படிப்பிச்சுத் தரல்லியா காக்கா?"

"மனிசன் வட்டிக்குக் குடுத்துட்டு எண்ணுற மாதிரி எண்ணுறான்டா!"

எனக்கு முகம் சுடும். மைக்கைக் கீழே வைத்துவிடலாமா என்று இருக்கும். ஆனால் தூரத்தில் அந்தக் கை மேலே இருக்கும். கை மேலே இருக்கும் வரைக்கும் நான் எண்ணித்தான் ஆக வேண்டும். ஒருநாள் அவர்களுடைய கேலியைத் திரும்பி வந்தவனிடம் சொன்னேன். அவன் வலைக்காரர்கள் பக்கம் திரும்பி, "கத்துறவன்ட சத்தம் பெட்டி இல்லாமலும் போகும். இவன்ட சத்தத்தக் கொண்டுபோறதுதான் பெட்டி" என்றான். அவர்கள் அதற்கும் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்கு வீடு வரைக்கும் கால் தரையில் படவில்லை.

அவனுக்குப் பெட்டி செய்யக் கற்றுக் கொடுத்தவர் யாரும் இல்லை. பழைய கதவுப் பலகையை வெட்டிப் பெட்டி அடிப்பான். உள்ளே பழைய தலையணையின் பஞ்சை அடைப்பான். கொழும்பிலிருந்து வரும் கையகல அம்பிளிபயர்த் தட்டை அதற்குள் திருகி இறுக்குவான். பற்றரி முனைகளில் கிறீஸ் பூசாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. எங்கள் கடற்காற்று ஒரு கிழமையில் செம்பைப் பச்சையாக்கிவிடும். பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வைப்பான். "வாசல்ல காவல்காரன் நிக்கணும், குசினியில நின்டு என்னத்துக்கு?" என்பான்.

பற்றரி வயர் விஷயத்தில் அவனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒருமுறை பந்தடி மைதானத்தில் யாரோ வேறு ஆளிடம் செய்வித்த பெட்டியை வைத்திருந்தார்கள். நேர்முக வர்ணனை சொல்கிற பொடியன் சாதாரணமாகக் கதைக்கும்போது பெட்டி நன்றாகப் பாடியது. ஆறு ஓட்டம் போனதும் அவன் "சிக்ஸர்!" என்று கத்துவான். அந்த நேரம் பார்த்துப் பெட்டி செத்துவிடும். சனத்துக்கு அதுவே பெரிய பகிடியாகிவிட்டது. ஒவ்வொரு ஆறுக்கும் பந்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார்கள்.

பொடியன்மார் வந்து இவனைக் கூப்பிட்டார்கள். இவன் போய்ப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். பற்றரியிலிருந்து நூல் மாதிரி மெல்லிய வயர்.

"இதுக்குள்ளால எப்புடிடா சாப்பாடு போகும்? கதைக்கிற நேரம் கொஞ்சம் போதும். கத்துற நேரத்துலதான் அதுக்குப் பசி கூட" என்றான். வீட்டுக்கு ஆள் அனுப்பி தடித்த வயர் எடுத்து வந்து மாற்றிக் கொடுத்தான். அடுத்த ஆறுக்குப் பெட்டி கத்தியபோது சனம் ஆட்டக்காரனை விட்டுவிட்டு இவனுக்குக் கைதட்டியது. இவன் அங்கே இல்லை. மைதானத்தின் கடைசி மூலையில், வேலியோரம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அவன் எங்கே போனாலும் கடைசியில் நிற்கிறவனைத்தான் தேடுவான். கலியாண வீட்டில் சமையல்காரர் பக்கம் போய் நிற்பான். பள்ளியில் மௌலவியின் பயான் கேட்கப் போனால் செருப்புக் கழற்றுகிற இடத்தில் நிற்பான். அவனுடைய பெண்சாதி சொல்லுவா, "இந்த மனிசனுக்குக் குசினிக்குள்ள இருந்து கூப்பிட்டாக் கேக்காது. அங்கால ஒலுவில் ஊர்ல இருந்து கூப்பிட்டாத்தான் கேக்கும்." அவன் சிரித்துக்கொண்டே, "நீயும் ஒலுவில்ல போய் நின்டு கூப்பிடு புள்ள" என்பான்.

பிறகு கை சீக்கிரம் இறங்கத் தொடங்கியது.

முதலில் நான் கவனிக்கவில்லை. ஐஸ் வாடிக்குப் போகும் என்று நினைத்த பெட்டிக்கு வழியிலேயே கை விழுந்தது. திரும்பி வந்து பற்றரியைக் குறை சொன்னான். பற்றரியை மாற்றினான். அடுத்த கிழமை வயரை மாற்றினான். அதற்கடுத்த பெட்டிக்குப் பெரிய ஸ்பீக்கர் போட்டான். அதற்கும் கை தோணியடியில் இறங்கியது. நானோ அதே சத்தத்தில் அதே பத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐஸ் வாடிப் பக்கமிருந்து சைக்கிளில் வந்த மீன்காரர் ஒருவர் என்னைத் தாண்டும்போது, "ஏழுக்குப் பிறகு எட்ட விட்டுட்டீங்க காக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அங்கே கேட்டிருக்கிறது. அதைவிட எவ்வளவோ கிட்ட நின்ற இவனுக்குக் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஆலையிலிருந்து திரும்பும்போது அவன் சைக்கிளில் பின்னால் இருந்தேன். பாலத்தடியில் வைத்து, "மச்சான், வீட்ட போற வழியில மருந்துக் கடையில நிப்பாட்டு" என்றேன். பதில் இல்லை. இன்னும் ஒருதரம் சொன்னேன். மருந்துக் கடையைத் தாண்டிச் சைக்கிள் போனது. அவன் ஏதோ யோசித்துக்கொண்டு ஓட்டுகிறான் என்று என் மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

முகத்துக்கு முகம் இருந்து கதைத்தால் ஒரு குறையும் தெரியாது. ஆலையில் பழகிய கண் அவனுக்கு. நான் சொல்வதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னான். அதனால் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு கதைக்கிற ஆள் நான் ஒருவன்தானே.

எப்படிச் சொல்வது? உன் பெட்டியில் குறையில்லை, உன் காதில்தான் என்று சொன்னால், தூரத்தை அளந்து பெயரெடுத்த மனிதனுக்கு மிச்சம் என்ன இருக்கும்? சொல்லாமல் விட்டால் எத்தனை பெட்டிக்குத்தான் பெரிய ஸ்பீக்கர் போடுவான்? இரண்டையும் நினைத்து நினைத்து நான் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. எங்கள் ஊரில் பெருநாள் தொழுகை கடற்கரைத் திடலில்தான். ஆண்கள் முன்னால். கடைசியில் வெள்ளைச் சீலை மறைப்புக்குப் பின்னால் பெண்கள். மௌலவி ஓதுவது அந்த மறைப்புக்கு அப்பால் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். போன பெருநாளில் வெளியிலிருந்து எடுத்த சாமான் சரியில்லாமல், முன்னால் ஆண்கள் நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூதில் இருக்கும்போது பின்னால் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள் என்று பெரிய குறையாகிவிட்டது. இந்த முறை பள்ளி நிர்வாகம் பார்க்கிற மரைக்கார் இவனிடமே பொறுப்பைத் தந்தார். அவன் ஒரு மாதமாக இரண்டு பெரிய பெட்டிகள் செய்தான். அவ்வளவு ஆசையோடு அவன் வேலை செய்ததை நான் பார்த்ததில்லை.

பெருநாளுக்கு முதல் நாள் அசருக்குப் பிறகு சோதனை. மரைக்காரும் இன்னும் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். நான் மைக்கில் எண்ணத் தொடங்கினேன். அவன் கையை உயர்த்திக்கொண்டு நடந்தான். திடலின் பாதிக்கும் போகவில்லை. கை இறங்கிவிட்டது.

திரும்பி வந்து சத்தத்தின் திருகைக் கூட்டினான். போனான். கை இறங்கியது. மீண்டும் வந்து இன்னொரு பற்றரியை முதல் பற்றரியோடு தொடுத்தான். வோல்ட் இரட்டிப்பானது. இந்த முறை நான் "ஒன்டு" என்றதும் பெட்டி அலறியது. காகங்கள் எழும்பிப் பறந்தன. என் குரல் எனக்கே தகரத்தைக் கிழிப்பது மாதிரிக் கேட்டது. ஸ்பீக்கரின் கடதாசி கிழியப் போகிறது என்று தெரிந்தது. இவனோ மறைப்புச் சீலைப் பக்கம் போய், கையைத் தூக்குவதும் இறக்குவதுமாகத் தடுமாறிக்கொண்டு நின்றான்.

"என்னடா தம்பி இது? நாளைக்கு மௌலவி ஓதினா புள்ளையள் பயந்து அழும்டா" என்றார் மரைக்கார் என்னிடம். "இது சரிவராது. போனை எடுங்க, வேற ஊர்ல சாமான் கேப்பம்."

நான் மைக்கைக் கீழே வைத்தேன். இரண்டாவது பற்றரியைக் கழற்றினேன். திருகை முதலில் இருந்த இடத்துக்குக் கொண்டுவந்தேன். "கொஞ்சம் பொறுங்க ஹாஜியார்" என்று மரைக்காரிடம் சொல்லிவிட்டுத் திடலில் நடந்தேன்.

சத்தம் நின்றது அவனுக்குத் தெரியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சரித்து, இன்னும் கேட்டுக்கொண்டே நின்றான். போய்த் தோளில் கை வைத்தேன். திடுக்கிட்டுத் திரும்பினான். என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் யாரும் இல்லாமல் கிடந்த மைக்கைப் பார்த்தான்.

"நீ போய்க் கதை மச்சான். நான் இஞ்ச நிக்கிறன்" என்றேன்.

நாங்கள் ஒருநாளும் இடம் மாறியதில்லை. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் சொல்லி முடித்த பிறகும் பார்த்தான். பிறகு பெட்டியை நோக்கி நடந்தான்.

நான் கடல் பக்கம் திரும்பி நின்று கையை உயர்த்தினேன். கொஞ்ச நேரம் காற்றின் சத்தம் மட்டும்தான். பிறகு அவன் குரல் வந்தது. பெட்டியில் அவன் குரலை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். அலறல் இல்லை, கிழிசல் இல்லை. பக்கத்தில் இருந்து கதைப்பது போலத் தெளிவாக இருந்தது.

"மச்சான், எனக்குத் தெரியும். நோன்புக்கு முந்தியே தெரியும்" என்றான். "ஆலை கேட்டுது, பாங்கு கேட்டுது, வீட்டுல ஏசுறதும் கேட்டுது. முதல்ல இல்லாமப் போனது உன்ட சத்தம்தான். அதத் திருப்பி எடுக்கத்தான் பெட்டியக் கூட்டிக் கூட்டிப் பாத்த நான்."

திடல் முழுவதும் அது கேட்டது. மரைக்காருக்குக் கேட்டது. வலைக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். நான் கையை இறக்கவில்லை.

"கை மேலதான் இரிக்கி. அப்ப பெட்டி சரி" என்றான். மைக் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் தொழுகை நன்றாக நடந்தது. மறைப்புக்குப் பின்னால் ஒருவருக்கும் பிசகவில்லை. அவன் ஆண்களின் கடைசி வரிசையில் என் பக்கத்தில் நின்றான். முன்னால் நிற்பவர்கள் குனியும்போது குனிந்தான், எழும்பும்போது எழும்பினான்.

பிறகு ஆசுபத்திரியில் காட்டி, காதுக்கு மெசின் வாங்கினார்கள். அவனுடைய மகள் வலுக்கட்டாயமாக அதை மாட்டிவிட்டாள். இரண்டு நாள் மாட்டியிருந்தான். மூன்றாம் நாள் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டான்.

"கேக்கல்லியா?" என்றேன்.

"கேக்குது. எல்லாம் ஒரே இடத்துல நின்டு கேக்குது. காகமும் கடலும் பொஞ்சாதியும் ஒரே தூரம் மச்சான். இதுக்குள்ள நடக்க இடமில்ல."

அதற்குப் பிறகும் பெட்டி செய்தான். ஆனால் கடற்கரைக்குக் கொண்டுபோவதில்லை. வாங்குகிறவர்களே கொண்டுபோய்க் கேட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டான். பின்னேரங்களில் அவன் வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு எதிரெதிரே இருப்போம். நான் சொல்வதெல்லாம் அவனுக்கு விளங்கியது. ஆலையில் நடந்தது, என் வீட்டுப் பிரச்சினை, ஒருவருக்கும் சொல்லாதது எல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். ஆனால் நான் நடுவில் குனிந்து தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தால் கதை அறுந்துவிடும். நிமிர்ந்து மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். பக்கத்தில் நடந்துகொண்டு, முகத்தைப் பார்க்காமல், வாய்க்குள் முணுமுணுத்து அவனோடு கதைத்த காலம் போய்விட்டது. இப்போதும் என் காது ஏங்குவது அந்தக் காலத்துக்குத்தான். கதையைப் பங்குபோட ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். என் முணுமுணுப்புக்குப் பதில் சொல்ல ஒருவன்தான் இருந்தான்.

போன மாரிக்கு அவன் வபாத்தானான். காலையில் நெஞ்சு நோவென்று சொன்னான். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம். எங்கள் மையவாடி கடற்கரையோரம். மண் தள்ளி, தலைமாட்டில் மீசான் கட்டை நட்டு, தல்கீன் ஓதி, துஆக் கேட்டு முடிந்ததும் எல்லோரும் கலைந்து போகத் தொடங்கினார்கள். அடக்கிவிட்டுத் திரும்பிப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் மண்ணுக்குள் கிடக்கிற மையித்துக்குக் கேட்கும் என்று பயானில் மௌலவி சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எனக்கு அந்த இடத்தில்தான் நினைவுக்கு வந்தது.

பார்த்தால் எங்கும் மணல். சனம் மணலில் போய்க்கொண்டிருந்தது. ஒரு செருப்பிலும் சத்தமில்லை.

மதிலோரமாகக் கேற் வரைக்கும் ஒரு கொங்கிரீட் பாதை இருக்கிறது. மையித்து வண்டி வருவதற்குப் போட்டது. நான் அதில் ஏறினேன். இறப்பர்ச் செருப்பை ஓங்கி ஓங்கி அடித்து நடந்தேன். டப், டப் என்று மதிலில் பட்டுத் திரும்பியது. சனம் நின்று பார்த்தது.

"என்னடா தம்பி, மையவாடிக்குள்ள நடக்கிற நடையா இது?" என்று மரைக்கார் சத்தம் போட்டார்.

நான் நிற்கவில்லை. கேற்றைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறியும் அப்படியே நடந்தேன். எதுவரைக்கும் அவனுக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது.